பூகுலிடே குடும்பத்தை அடையாளம் காண்பது எப்படி: கவை, முள், பறவைத் தலை

படகுத்துறை மிதவையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் செம்பழுப்பாகவோ வெளிறிய மஞ்சளாகவோ சின்னப் புதர்கள் தொங்கும். விரல் நீளம் வளர்ந்திருந்தாலே பெரிது. தண்ணீருக்குள் விரிந்து நிற்கும். வெளியே எடுத்ததும் துவண்டு ஒட்டிக்கொள்ளும். கடற்பாசி என்று நினைத்து நகர்ந்துவிடுபவர்களே அதிகம். ஆனால் அது விலங்கு. ஒன்றல்ல, ஆயிரக்கணக்கான நுண்ணிய விலங்குகள் ஒட்டிச் சேர்ந்த காலனி. பிரையோசோவா என்ற தொகுதியைச் சேர்ந்தது. இந்தத் தொகுதியில் இன்று உயிரோடு இருப்பவை சுமார் 6,000 சிற்றினங்கள். அவற்றில் நான் மனம் அலுக்காமல் திரும்பத் திரும்பப் பார்ப்பது பூகுலிடே குடும்பத்தை.

இந்தக் குடும்பத்தை நுண்ணோக்கியில் எப்படிப் பார்ப்பது, எந்த வரிசையில் குறிப்பெடுப்பது, பெயரை எப்போது உறுதியாகச் சொல்லலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நிறத்தையும் புதரின் வடிவத்தையும் மட்டும் நம்பிப் பெயர் வைக்காதீர்கள். நிறம் ஆல்கஹாலில் வெளுத்துவிடும். புதரின் வடிவம் நீரோட்டத்தையும் வயதையும் பொறுத்து மாறும். இந்தக் குடும்பத்தின் அடையாளம் ஒரு மில்லிமீட்டர்கூட நீளமில்லாத ஒரு அறையின் மூலைகளில் இருக்கிறது. அதோடு ஒரே ஒரு அறையைப் பார்த்து முடிவெடுக்கவும் முடியாது. கிளையின் நுனி ஒன்று சொல்லும், நடுப்பகுதி இன்னொன்று சொல்லும், கிளை பிரியும் கவை மூன்றாவதாக ஒன்றைச் சொல்லும். மூன்றையும் கேட்க வேண்டும்.

எடுப்பதும் வைப்பதும்

மிதவை, கயிறு, சிப்பியின் ஓடு, பாறையின் நிழலான அடிப்புறம், இப்படிக் கெட்டியான எதன் மேலும் இவை ஒட்டும். புதரின் நடுவில் பிடித்து இழுத்தால் கிளை மட்டும்தான் கையோடு வரும். அடிப்பகுதி வேண்டும். அங்கேதான் காலனியைப் பிடித்து நிறுத்தும் வேரிழைகள் இருக்கின்றன, காலனியின் முதல் உயிரும் சில சமயம் அங்கே மிஞ்சியிருக்கும். அதனால் மழுங்கிய கத்தியால் ஒட்டிய இடத்திலிருந்து சுரண்டி எடுங்கள். எடுத்த இடத்துக் கடல்நீரையே ஒரு பாட்டிலில் கொண்டுவாருங்கள். சூடேற விடாதீர்கள். புதர்களை நெருக்கி அடைத்தால் கொஞ்ச நேரத்திலேயே தண்ணீர் கெட்டு, பார்க்க வேண்டிய உயிர்கள் உள்ளே இழுத்துக்கொண்டு வெளியே வராது.

கருவிகள் அதிகம் வேண்டாம். 10-லிருந்து 40 மடங்கு வரை காட்டும் ஸ்டீரியோ நுண்ணோக்கி, 100 மடங்கு காட்டும் சாதாரண நுண்ணோக்கி, கூர்மையான சாமணம், பெட்ரி தட்டுகள், ஸ்லைடுகள், கண்வில்லையில் பொருத்தும் அளவுகோல். வெளிச்சம் ரொம்ப முக்கியம். மேலிருந்து மட்டும் ஒளி விழுந்தால் முட்கள் கண்ணாடி மாதிரி மறைந்துவிடும். கீழிருந்தோ பக்கத்திலிருந்தோ ஒளி கொடுங்கள். பின்னணியைக் கறுப்பாக மாற்றிப் பாருங்கள். ஒரு கிளையைக் கறுப்புப் பின்னணியிலும் வெள்ளைப் பின்னணியிலும் மாறிமாறிப் பார்ப்பது என் வழக்கம். ஒன்றில் முள் தெரியும், மற்றதில் குடல் தெரியும்.

இது பிரையோசோவாதானா?

மூன்றோடு குழம்ப வாய்ப்பு உண்டு. உண்மையான கடற்பாசி என்றால் அறையும் இருக்காது, அசைவும் இருக்காது. சந்தேகம் சீக்கிரமே தீர்ந்துவிடும். புதர்போல வளரும், ஜெல்லிமீனுக்கு உறவான ஹைட்ராய்டுதான் நிஜமான சிக்கல். லின்னேயஸே 1758-ல் இந்தக் குடும்பத்தின் மிகப் பிரபலமான சிற்றினத்தை (இன்றைய பூகுலா நெரிட்டினா) ஒரு ஹைட்ராய்டுப் பேரினத்துக்குள் வைத்து செர்டுலேரியா நெரிட்டினா என்றுதான் எழுதினார்.

வேறுபாட்டைக் காண உயிருள்ள கிளையைக் கடல்நீரில் போட்டு அசைக்காமல் வையுங்கள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு அறையின் நுனியிலிருந்தும் மணி வடிவில் உணர்நீட்சிகளின் வளையம் வெளியே வரும். தட்டை ஊசியால் மெல்லத் தட்டுங்கள். கண் இமைப்பதற்குள் மொத்தமும் உள்ளே போய்விட்டால் பிரையோசோவா. ஹைட்ராய்டு மெதுவாகச் சுருங்கும். அப்புறம் 100 மடங்கில் பாருங்கள்: பிரையோசோவாவின் உணர்நீட்சிகளின் ஓரத்தில் குறு இழைகள் அலை அலையாக அடித்துக்கொண்டிருக்கும். வாயில் தொடங்கி வளைந்து திரும்பி மேலே வரும் 'ப' வடிவக் குடலும் தெரியும். ஹைட்ராய்டுக்கு அந்தக் குடல் கிடையாது; அதற்கு வாய் ஒன்றுதான், மலவாய் தனியாக இல்லை.

மூன்றாவது, என்டோப்ராக்டா என்ற தனித் தொகுதியின் நுண்விலங்குகள். அவற்றின் மலவாய் உணர்நீட்சி வளையத்துக்கு உள்ளே திறக்கும்; நம்முடையவற்றில் வெளியே திறக்கும். ஹின்ரிச் நிட்சே 1869-ல் இரண்டையும் பிரித்ததற்கு இதுதான் அடிப்படை. என்டோப்ராக்டாவின் உணர்நீட்சிகள் உள்ளே இழுபடாது, உட்புறமாகச் சுருண்டு மூடிக்கொள்ளும். ஒருமுறை பார்த்தால் பிறகு மறக்காது.

அறைக்குள் என்ன இருக்கிறது

ஒவ்வொரு தனியுயிரையும் சூவாய்டு என்பார்கள். சூவாய்டுக்கு இரண்டு பகுதிகள். சுவரும் கூடும் சேர்ந்தது சிஸ்டிட். அதற்குள் வெளியே வந்து போகும் உணர்நீட்சிகளும் குடலும் தசையும் சேர்ந்தது பாலிபைட். பெயர் வைக்கும் வேலைக்குச் சிஸ்டிட் போதும். ஆனாலும் பாலிபைட்டை ஒருமுறையாவது ஆற அமரப் பாருங்கள் என்றுதான் சொல்வேன், ஏனென்றால் கூட்டின் ஒவ்வொரு அமைப்பும் உள்ளே இருப்பதன் தேவையால் வந்தது.

பூகுலிடேயில் சூவாய்டு நீண்டு, அடியில் ஒடுங்கி, ஒரு சின்னப் படகைச் செங்குத்தாக நிறுத்தியதுபோல் இருக்கும். நீளம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்குள். பின்சுவரிலும் பக்கச் சுவர்களிலும் மெல்லிய சுண்ணாம்புப் படிவு உண்டு. முன்பக்கம் மட்டும் சுண்ணாம்பு ஏறாத சவ்வு. நெரிட்டினாவில் இந்த முன்சவ்வு முன்முகத்தை ஏறக்குறைய முழுவதும் மூடியிருக்கும்.

இந்தச் சவ்வுதான் உயிரின் இயந்திரம். பக்கச் சுவரிலிருந்து வரும் சிறு தசைகள் சவ்வை உள்நோக்கி இழுக்கின்றன. அறைக்குள் இருக்கும் திரவத்தின் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம்தான் உணர்நீட்சி வளையத்தை வெளியே தள்ளுகிறது. உள்ளே இழுக்க வேறொரு நீண்ட தசை. அது சுருங்கும் வேகம்தான் தட்டியவுடன் எல்லாம் மறைவதற்குக் காரணம். முன்சவ்வை முழுக்கச் சுண்ணாம்பாக மூடிவிட்டால் இந்த வேலை நடக்காது. மற்ற குடும்பங்கள் இதற்கு வேறு வேறு வழி கண்டுபிடித்தன. பூகுலிடே சவ்வைத் திறந்தே வைத்துக்கொண்டு, பாதுகாப்பை முள்ளிடமும் பறவைத் தலையிடமும் விட்டுவிட்டது. இதை மனதில் வைத்துக்கொண்டால், முட்களையும் பறவைத் தலைகளையும் ஏன் இவ்வளவு கவனமாக எண்ணச் சொல்கிறேன் என்பது புரியும்.

உணர்நீட்சிகள் வெளியே வந்திருக்கும்போதே எண்ணிவிடுங்கள். நெரிட்டினாவில் 20-க்கு மேல் இருக்கும். இதே குடும்பத்தின் பூகுலினா பேரினத்தில் பெரும்பாலும் 12-லிருந்து 15 வரை. ஃபார்மலின் போன்றவற்றில் போட்டு நிலைப்படுத்திய மாதிரியில் இது கிடைக்காது. கூடவே குடலையும் கவனியுங்கள். இரைப்பைக்கு அடுத்த பகுதியில் உணவுத் துணுக்குகள் ஒரு கயிறாகத் திரண்டு சுழன்றுகொண்டே இருக்கும். குறு இழைகள்தான் அதைச் சுழற்றுகின்றன. எத்தனை முறை பார்த்தாலும் கண்ணை எடுக்க முடியாத காட்சி அது.

சில அறைகளில் பாலிபைட்டே இருக்காது. ஒரு பழுப்பு உருண்டை மட்டும் கிடக்கும். பாலிபைட் தேய்ந்து அழிந்ததில் மிஞ்சியது அது. அதே அறையில் சுவரிலிருந்து புதிய பாலிபைட் முளைத்து வரும். அந்தப் பழுப்பு உருண்டையைக் கரு என்று குறித்துவிடாதீர்கள். கரு இருக்கும் இடம் வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அறைகள் தனித்தனி என்றாலும் தனிமையில் இல்லை. சுவர்களில் நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியாக ஃபுனிகுலஸ் என்ற திசு இழை ஓர் அறையிலிருந்து அடுத்ததற்கு உணவைக் கடத்துகிறது. குடலே இல்லாத வேரிழைகளும் பறவைத் தலைகளும் இப்படித்தான் பிழைக்கின்றன.

பறவைத் தலை

அவிகுலேரியம் என்ற உறுப்பை முதன்முறை உயிரோடு பார்ப்பவர்கள் நிச்சயம் நிமிர்ந்து உட்காருவார்கள். சூவாய்டின் ஓரத்தில் ஒரு சின்னக் காம்பு. அதன் மேல் வளைந்த அலகோடு ஒரு பறவைத் தலை. கீழ்த்தாடை அகலத் திறக்கிறது, சடக்கென்று மூடுகிறது. தலை முழுவதும் முன்னும் பின்னும் தலையாட்டுகிறது. பீகிள் கப்பல் பயணத்தில் இந்த உறுப்புகளைக் கண்ட சார்ல்ஸ் டார்வின் அவற்றைக் கழுகின் தலையோடு ஒப்பிட்டார்.

இது தனி உறுப்பு அல்ல, உருமாறிய ஒரு சூவாய்டு. பூகுலிடே அடங்கிய கைலோஸ்டோமாட்டிடா என்ற வகைப்பாட்டு வரிசையின் சிறப்பே அறை வாயில் ஒரு மூடி இருப்பதுதான். அந்த மூடிதான் அவிகுலேரியத்தில் தாடையாகிவிட்டது. பூகுலா பேரினத்தின் சாதாரண அறைகளில் உண்மையான மூடி கிடையாது. வரிசைக்கே பெயர் வாங்கித் தந்த உறுப்பை அறை வாயிலில் இழந்துவிட்டு, தாடையாகப் பறவைத் தலையில் மட்டும் வைத்திருக்கும் குடும்பம் இது. அதன் உள்ளே பெரும்பகுதி தாடையை மூடும் தசை. பாலிபைட்டின் எச்சமாக ஒரு சின்ன முடிச்சும் உணர்முடிகளும் மட்டும் இருக்கும். அது எதையும் தின்பதில்லை. காலனி மேல் ஊர்ந்து வரும் சின்ன இறால் வகைகளின் காலையோ புழுவின் உடலையோ கவ்விப் பிடித்துக்கொள்ளும்.

குறிப்பெடுக்கும்போது நான்கு விஷயங்கள் வேண்டும். அவிகுலேரியம் இருக்கிறதா இல்லையா என்பது முதலாவது. நெரிட்டினாவில் இல்லவே இல்லை. ஆனால் 'இல்லை' என்று எழுதுவதற்கு முன் பழைய கிளை, இளங்கிளை, அடிப்பகுதி எல்லாவற்றிலும் தேடுங்கள், ஏனென்றால் இவை எளிதில் உதிர்ந்துவிடும். உதிர்ந்த இடத்தில் காம்பின் தழும்பு இருக்கும், அதையும் பாருங்கள். அடுத்தது, எந்த வரிசைச் சூவாய்டுகளில் இருக்கிறது என்பது. பல வரிசைகள் உள்ள கிளையில் ஓர வரிசையில் மட்டும் இருக்கலாம், எல்லாவற்றிலும் இருக்கலாம், ஓரத்தில் பெரிதாகவும் உள்ளே சிறிதாகவும் இருக்கலாம். பிறகு, அறையின் உயரத்தில் எங்கே ஒட்டியிருக்கிறது: மேல் முள்ளுக்குப் பக்கத்திலா, நடுவிலா, கீழேயா? கடைசியாக, அறையின் அகலத்தோடு ஒப்பிட்டால் தலையின் நீளம் எவ்வளவு, அலகு எந்த இடத்தில் வளைகிறது? பக்கவாட்டிலிருந்து பார்த்து வரையுங்கள். முன்பக்கமாகப் பார்த்து வரைந்த பறவைத் தலை எதற்கும் உதவாது.

முள், கவை, முட்டையறை

கிளையின் முன்பக்கம், பின்பக்கம் எது என்று முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். எல்லா அறைகளும் ஒரே பக்கம் பார்க்கும். சவ்வு தெரிவது முன்பக்கம். கிளையில் அறைகள் எத்தனை வரிசை என்று எண்ணுங்கள். இரண்டு வரிசை, அல்லது மூன்றிலிருந்து எட்டு வரை, அதற்கு மேலும் உண்டு. கவைக்குச் சற்று முன்னால் வரிசை தற்காலிகமாகக் கூடும், அதனால் இரண்டு கவைகளுக்கு நடுவே எண்ணுவதுதான் சரி.

முட்கள் அறையின் மேல் மூலைகளில் இருக்கும். வெளி மூலை, உள் மூலை என்று பிரித்து எழுத வேண்டும். கிளையின் ஓரத்தை நோக்கியது வெளி, நடுவை நோக்கியது உள். 'வெளியே 2, உள்ளே 1' என்று எழுதினால் போதும். ஓர் அறையோடு நிறுத்தாமல் பத்து இருபது அறைகளில் எண்ணுங்கள். கிளை நுனியில் இருக்கும் அறைகளில் முள் இன்னும் முழுசாக வளர்ந்திருக்காது, அடிப்பகுதியில் உடைந்திருக்கும். நடுவில் இருப்பவைதான் நம்பத் தகுந்தவை. மூலை வெறுமனே கூராக நீண்டிருப்பது முள்ளா என்று கேட்பார்கள். அடியில் ஒரு மெல்லிய கோடு சுவரிலிருந்து பிரித்துக் காட்டினால் அதை முள் என்று எண்ணுகிறேன். இல்லையென்றால் 'கூர்மூலை' என்று தனியாக எழுதுகிறேன். நெரிட்டினாவின் வெளிமூலை அப்படிக் கூர்ந்திருக்கும், ஆனால் முள் இல்லை.

கவைதான் இந்தக் குடும்பத்தில் மிகக் குறைவாகப் பார்க்கப்படும், மிக அதிகம் சொல்லும் இடம். கிளையைக் குப்புறப் போட்டு, பின்பக்கத்திலிருந்து, வரிசைகள் பிரியும் இடத்தில் பாருங்கள். அங்கே நாலைந்து அறைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். எந்த அறையின் வால் எவ்வளவு தூரம் கீழே போகிறது, நடுவில் இருக்கும் இரண்டு உள் அறைகள் ஒன்றையொன்று தொடுகின்றனவா, அவற்றின் அடி எதன் மேல் நிற்கிறது என்பதெல்லாம் ஒரு சிற்றினத்துக்குள் பெரும்பாலும் மாறாமல் இருக்கும். சிட்னி ஹார்மர் 1923-ல் இந்தப் பிரிவு முறைகளை வகைப்படுத்தி எண் கொடுத்தார். இன்றும் விவரணைகளில் 'ஹார்மர் வகை 4' என்பதுபோல எழுதுகிறார்கள். எண்ணை மனப்பாடம் செய்வதை விட ஒவ்வொரு கவையையும் வரைந்து, அறைகளுக்கு அ, ஆ, இ என்று பெயரிட்டு, எது எதைத் தொடுகிறது என்று அம்புக்குறி போடுவதுதான் நல்ல பயிற்சி. வெளிச்சத்தைச் சாய்வாக விழவிட்டால் பின்சுவரின் எல்லைக் கோடுகள் துலங்கும். கிளிசரினில் ஒரு இரவு ஊறிய துண்டு இன்னும் தெளிவு.

சில சமயம் பின்பக்கத்தில் வேரிழைகள் கிளைகளையே ஒட்டி இறங்கும். அவை எந்த அறையின் எந்த இடத்திலிருந்து கிளம்புகின்றன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முட்டையறைக்கு ஓவிசெல் என்று பெயர். அறையின் மேல்முனையில் வெண்ணிற உருண்டையாகத் தெரியும். கரு இதற்குள்தான் வளர்கிறது. பூகுலா நெரிட்டினாவில் தாய் வெறும் இடம் மட்டும் கொடுப்பதில்லை. முட்டையறையோடு ஒட்டிய திசு வழியாக ஊட்டமும் தருகிறது. நஞ்சுக்கொடி செய்யும் வேலைக்கு நிகரானது. கரு பல மடங்கு பெருப்பதை ஒரே கிளையில் கீழிருந்து மேலாக அறை அறையாகப் பார்க்கலாம். அடையாளத்துக்குத் தேவையானது அதன் வடிவமும் சாய்வும்தான். முழு உருண்டையா, குல்லா மாதிரி ஆழமற்றதா? அறைக்கு நேர்மேலா, உள்மூலையில் சாய்வாகவா? நெரிட்டினாவில் பெரிய உருண்டைகள் கிளையின் நடு அச்சை நோக்கிச் சாய்ந்து நிற்கும், வெறும் கண்ணுக்கே வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும்.

முட்டையறை நிறைந்த கிளை கிடைத்தால் லார்வாவையும் பார்த்துவிடுங்கள். ஓர் இரவு இருட்டில் வைத்துவிட்டுக் காலையில் வெளிச்சம் காட்டுங்கள். கொஞ்ச நேரத்தில் சின்ன உருண்டைகள் நீந்தி வெளிவந்து ஒளி வரும் பக்கம் கூடும். அவை எதையும் தின்னாது. சில மணி நேரத்தில் இடம் தேடி ஒட்டிவிடும். ஒட்டியதும் அடியில் இருக்கும் ஒரு பை வெளிப்புறமாகப் புரண்டு பிடித்துக்கொள்ள, இரண்டு மூன்று நாளில் முதல் சூவாய்டு தயாராகிவிடும். இதை அன்செஸ்ட்ருலா என்பார்கள். மற்ற அறைகளிலிருந்து வேறுபட்ட வடிவம் இதற்கு. தட்டின் அடியில் ஒரு கவர் ஸ்லிப்பை முன்பே போட்டு வைத்தால் அதன் மேலேயே ஒட்டும். அப்படியே எடுத்து நுண்ணோக்கியில் வைக்கலாம்.

குடும்பத்தை உறுதி செய்வது

பூகுலிடேயோடு அதிகம் குழம்புவது கேண்டிடே குடும்பம். அதிலும் கிளைத்த, மெல்லிய, இரண்டு வரிசைப் புதர்கள் உண்டு. ஆனால் கேண்டிடேயின் கிளைகளில் பெரும்பாலும் கைட்டின் கணுக்கள் இருக்கும். கிளையை வளைத்தால் அந்த இடத்தில் மடங்கும். பல சிற்றினங்களில் முன்சவ்வின் மேல் கேடயம்போல் ஒரு முள் கவிந்திருக்கும். பறவைத் தலைகள் காம்பில்லாமல் சுவரோடு ஒட்டியிருக்கும், பின்பக்கம் நீண்ட சாட்டை முடிகளும் உண்டு. இவை எதுவும் இல்லாமல், காம்புள்ள பறவைத் தலையோ அல்லது பறவைத் தலையே இல்லாமலோ இருந்தால் பூகுலிடே பக்கம் வாருங்கள்.

பேரினமும் பெயரும்

குடும்பத்தின் பெயர் ஜான் எட்வர்ட் கிரே 1848-ல் தந்தது. பூகுலா என்ற பேரினம் அதற்கு முன்பே 1815-ல் ஓக்கன் உருவாக்கியது. நீண்ட காலம் இப்படிக் கிளைத்த பல சிற்றினங்கள் பூகுலாவுக்குள் அடைக்கப்பட்டன. 2015-ல் ஃபெலாவர்-ஆலே குழுவினர் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவையும் உருவ அமைப்பையும் சேர்த்துப் பார்த்து அதை நான்காகப் பிரித்தார்கள்: குறுகிய பொருளில் பூகுலா, பூகுலினா, கிரிசுலேரியா, புதிதாக விரிடிடென்டுலா. இதில் பூகுலினாவும் கிரிசுலேரியாவும் கிரே 1848-லேயே தந்த பெயர்கள். பூகுலாவின் நிழலில் இருந்துவிட்டு மீண்டும் எழுந்தவை. இந்தத் திருத்தம் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் பழைய கண்களும் புதிய மரபணுவும் ஒரே இடத்தில் கைகோத்தன. பழைய நூல்களைப் பயன்படுத்தும்போது மட்டும் ஜாக்கிரதை: அங்கே பூகுலா ஃபிளபெல்லாட்டா என்றிருப்பது இப்போது பூகுலினா ஃபிளபெல்லாட்டா. பூகுலா புளுமோசா இப்போது கிரிசுலேரியா புளுமோசா. பூகுலா டென்டாட்டா இப்போது விரிடிடென்டுலா டென்டாட்டா.

நடைமுறையில் நான் பேரினத்திலிருந்து சிற்றினத்துக்குப் போவதில்லை. சிற்றினத்தைப் பிடித்துவிட்டுப் பேரினத்தைச் சேர்க்கிறேன். இரண்டு வரிசை, முள் இல்லை, பறவைத் தலை இல்லை, பெரிய சாய்ந்த முட்டையறை, செம்பழுப்போ ஊதாவோ கலந்த நிறம்: பூகுலா நெரிட்டினா. இரண்டு வரிசை, சாம்பல் கலந்த வெளிர் நிறம், வெளியே 2 முள், உள்ளே 1, ஓரத்தில் பறவைத் தலை என்றால் பூகுலினா ஸ்டோலோனிஃபெராவைச் சந்தேகியுங்கள். ஜான் ரைலண்ட் 1960-ல் பிரித்துக் காட்டிய சிற்றினம் அது. விசிறிபோல விரிந்த, பல வரிசைக் கிளை, ஓரத்துப் பறவைத் தலைகள் உள்ளே இருப்பதை விடப் பெரியவை என்றால் பூகுலினா ஃபிளபெல்லாட்டா. இது ஃபுளுஸ்ட்ரா என்ற இன்னொரு பிரையோசோவாவின் மேலேயே அடிக்கடி வளரும். ஃபிளபெல்லாட்டாவைப் போலவே இருந்து, வெளியே 1 உள்ளே 1 என்று முள் குறைந்து, பறவைத் தலை ஓர வரிசையில் மட்டும் இருந்தால் பூகுலினா சிம்ப்ளெக்ஸ். கிளைகள் நடு அச்சைச் சுற்றித் திருகுபடிக்கட்டுபோல் ஏறினால் கிரிசுலேரியா புளுமோசா, கிரிசுலேரியா டுர்ரிட்டா, பூகுலினா டர்பினாட்டா மூன்றையும் முள்ளையும் வரிசையையும் வைத்துப் பிரிக்க வேண்டும். புளுமோசாவில் வெளிமூலையில் ஒரே ஒரு முள். டர்பினாட்டா ஆரஞ்சு கலந்த பழுப்பு, கிளை மேலே போகப் போக வரிசை கூடும். நீலப்பச்சை நிறமும் நீண்ட முட்களும் சேர்ந்து வந்தால் விரிடிடென்டுலா டென்டாட்டா. நிறத்தை நம்பாதீர்கள் என்றேன்; உயிரோடு பார்க்கும்போது அந்த நீலப்பச்சைக்கு மட்டும் நான் மதிப்புக் கொடுக்கிறேன்.

பூகுலாவுக்கு வெளியேயும் குடும்பம் பெரியது. பைசெல்லாரியெல்லா சிலியாட்டாவின் அறைகள் எக்காளம்போல விரிந்து, நீண்டு வளைந்த முட்களைத் தாங்கும். காலனி பட்டு வெள்ளையாக மினுங்கும். டென்ட்ரோபீனியா குளிர்ந்த வடகடல்களில் அகன்ற இலைபோல வளரும். காலிபூகுலாவுக்கு வெற்று அறைகளால் ஆன காம்பும் அதன் மேல் விசிறியும். கேம்ப்டோபிளைட்டஸில் பறவைத் தலையின் காம்பு அசாதாரணமாக நீண்டிருக்கும். அன்டார்க்டிக் கடல்களில் இது அதிகம். கினெட்டோஸ்கியாஸ் ஆழ்கடலின் சேற்றில் நீண்ட காம்பின் மேல் நிற்கும்.

கண்ணால் தீராத இடம்

பூகுலா நெரிட்டினா என்று எழுதியவுடன் வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். அந்தப் பெயருக்குள் வெளித்தோற்றத்தில் பிரிக்க முடியாத குறைந்தது மூன்று மரபு வகைகள் உண்டு; எஸ், டி, என் என்று குறிப்பிடுகிறார்கள். எஸ் வகை கப்பல்களின் அடியோடு ஒட்டி உலகெங்கும் பரவியிருக்கிறது. கலிஃபோர்னியாக் கரையில் டேவிட்சனும் ஹேகுடும் 1999-ல் காட்டியது இது: ஆழம் குறைந்த இடத்துக் காலனிகளும் (எஸ் வகை) ஆழமான இடத்துக் காலனிகளும் (டி வகை) மரபிலும், அவற்றில் இருக்கும் பிரையோஸ்டாட்டின் வேதிப்பொருட்களிலும் வேறுபடுகின்றன.

பிரையோஸ்டாட்டின் சாதாரணப் பொருள் அல்ல. 1968-ல் சேகரித்த மாதிரிகளில் புற்றுநோய்க்கு எதிரான செயல்பாடு தெரிந்தது. ஜார்ஜ் பெட்டிட் குழு 1982-ல் பிரையோஸ்டாட்டின் 1-ன் அமைப்பை வெளியிட்டது. பிறகு மருத்துவ ஆய்வுக்காக ஏறக்குறைய 13 டன் பூகுலாவைத் திரட்டிப் பிழிந்தும் கிடைத்தது 18 கிராம்தான். அதை உண்டாக்குவது பூகுலா அல்ல, லார்வாவிலேயே கூட வரும் ஒரு கூட்டுயிரி பாக்டீரியா என்பதற்கே சான்றுகள் வலுவாக இருக்கின்றன. லார்வாவை மீன்கள் தின்னாமல் காப்பது அந்தப் பொருள். முள்ளும் இல்லாமல், பறவைத் தலையும் இல்லாமல், திறந்த சவ்வோடு வாழும் ஒரு சிற்றினம் லார்வாப் பருவத்தில் வேதிப்பொருளால் தன்னைக் காத்துக்கொள்கிறது என்பது எனக்கு மிக அழகாகப் படுகிறது.

அதனால் ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு துண்டை டிஎன்ஏவுக்காக 95 சதவீத எத்தனாலில் தனியாக வையுங்கள். முதலில் ஃபார்மலினில் போட்டதை இதற்குப் பயன்படுத்த முடியாது.

உள்ளுறுப்புப் பார்க்க இன்னொரு துண்டு. நேராக ஃபார்மலினில் போட்டால் எல்லா உணர்நீட்சிகளும் உள்ளே ஓடிவிடும். 100 மில்லி நல்ல தண்ணீரில் 7.5 கிராம் நீரேறிய மெக்னீசியம் குளோரைடைக் கரைத்து, அதைக் கடல்நீரோடு சரிபாதியாகக் கலந்து, கிளை இருக்கும் தட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். தொட்டாலும் உள்ளே இழுக்காத நிலை வந்ததும் அமிலம் நீக்கிய 4 சதவீத ஃபார்மலினுக்கு மாற்றலாம். அமிலம் இருந்தால் மெல்லிய சுண்ணாம்புச் சுவர் கரைந்து, எல்லைக் கோடுகள் போய்விடும். கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். மூன்றாவது துண்டை நீர்த்த ப்ளீச்சில் கொஞ்ச நேரம் மட்டும் வைத்துக் கழுவினால் சதை போய்க் கூடு மட்டும் மிஞ்சும், கவையை வரைய அதுவே வசதி. அதிக நேரம் விட்டால் கிளையே பிரிந்து உதிர்ந்துவிடும்.

சீட்டை மாதிரிக்குள்ளேயே போட வேண்டும், பென்சிலால் எழுதி. தேதி, இடம், எதன் மேல் ஒட்டியிருந்தது, உயிரோடு இருந்த நிறம், உணர்நீட்சி எண்ணிக்கை. ஆழத்தை மீட்டரில் எழுதுங்கள். 'மிதவையின் கீழ்' என்று மட்டும் எழுதினால் பிறகு வருபவரால் டி வகையா எஸ் வகையா என்று யோசிக்கக்கூட முடியாது. பெயரை மட்டும் தனிச் சீட்டில் எழுதுங்கள், பின்னால் மாற்ற வேண்டி வந்தால் மற்ற விவரங்களைத் தொடாமல் அந்தச் சீட்டை மட்டும் மாற்றலாம்.